கிரீஸ் வைத்த துளை

விடியற்காலை இரும்புக்கு என்று ஒரு குளிர் உண்டு. தொட்ட விரலைச் சும்மா விடாது, கடிக்கும். பட்டறைக் கொட்டகையின் தகரக் கூரைக்கு மேலே இருட்டு இன்னும் கலையாத அந்த நேரத்தில் பெண்கள் வரிசையாக மேசைகளில் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்ததும் முதல் வேலை, கிரீஸ் டப்பாவை எடுத்து மடிக்குள் புதைத்துக்கொள்வது. ராத்திரிக் குளிரில் கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடக்கும். உடம்புச் சூட்டில் கொஞ்சம் இளகினால்தான் விரலுக்கு வரும்.

“பெத்த புள்ளைய இப்படி மடியில வச்சிருந்தா அது என்னைக் கொஞ்சமாவது மதிச்சிருக்கும்” என்பாள் மூத்தவள்.

“நீங்க வச்சாலும் அது மதிச்சிருக்காதுக்கா” என்பாள் இளையவள், தலை நிமிராமல்.

இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். அண்ணன் பெண்டாட்டி, தம்பி பெண்டாட்டி. வீட்டில் ஏழாம் பொருத்தம். குழாயடியில் யார் குடம் முன்னே, அடுப்பில் யார் பாத்திரம் முதலில் என்று தினமும் ஒரு பாட்டம் நடக்கும். வேலை மேசையில் மட்டும் அந்தச் சண்டைக்கு இடமில்லை. அங்கே ஒருத்தி விட்டதை இன்னொருத்தி பிடிப்பாள்.

அங்கே செய்தது டிராக்டருக்குக் கியர் மாற்றும் பெட்டி. மேலே டிரைவர் கைப்பிடியைத் தள்ளினால், கீழே இந்தப் பெட்டிக்குள் ஒரு ராடு நகர்ந்து பல்சக்கரத்தை மாட்டும். உள்ளே இரண்டு ராடுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். நடுவில் ஒரு துளை. அந்தத் துளைக்குள் நகத்தளவு லாக் பின். ஒரு ராடு நகரும்போது மற்றதை நகரவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. பின் இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து நகரும். இரண்டு கியர் ஒன்றாக விழும். ஓடுகிற சக்கரம் கல்லாக இறுகி நின்றுவிடும்.

பழைய பெட்டி பெரிது. மூடிய பிறகும் பக்கவாட்டு இடுக்கு வழியாகப் பின் கண்ணுக்குத் தெரியும். புது வண்டியில் டிரைவரின் காலடியில் இடம் வேண்டும் என்று பெட்டியைச் சாப்பாட்டு டப்பா அளவுக்குச் சுருக்கினார்கள். கை நுழையாது, இரண்டு விரல்தான் போகும். முரட்டு ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தபடியே மூடியை ஏற்ற வேண்டும். “எவ்வளவு அடக்கமா இருக்கு பாருங்க” என்று முதலாளி அதைக் கையில் ஏந்தி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். மூத்தவளின் கட்டைவிரல் வீங்கிப் பழுத்த மிளகாயாகச் சிவந்து நின்றதை அவர் யாருக்கும் காட்டவில்லை.

விரல் போனால் வேலை போகும். ஆகவே இருவரும் சத்தமில்லாமல் வேலையை மாற்றிக்கொண்டார்கள். இருவர் பெட்டிக்கும் கிரீஸ் வைத்துப் பின்னைப் போடுவது மூத்தவள். ஸ்பிரிங்கை அமுக்கி மூடுவது இளையவள். துளையில் முதலில் கிரீஸ் வைப்பார்கள், அதற்குள் பின்னை அழுத்துவார்கள். கிரீஸின் பிடியில் பின் நழுவாமல் நிற்கும், முழுசாக மறைந்தும்விடும். பின் போடாத துளைக்குக் கிரீஸ் வைக்கிறவள் அந்தக் கொட்டகையில் யாருமில்லை. துளைவாயில் கிரீஸ் மினுங்கினால் உள்ளே பின் இருக்கிறது என்று அர்த்தம். எல்லாரும் அதை வைத்துத்தான் வேலை செய்தார்கள்.

அதையும் நம்பாமல், வரிசையின் கடைசியில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அங்கே கண்ணாடிக்காரி உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு பெட்டியையும் வாங்கி இரண்டு ராடையும் ஒன்றாக இழுத்துப் பார்ப்பாள். இரண்டும் அசைந்தால், “உங்க பொண்ணு சரியில்ல, கூட்டிட்டுப் போங்க” என்று திருப்பி அனுப்புவாள். சிரிப்பார்கள், பிரித்து மறுபடி மாட்டுவார்கள். புதுப் பெட்டி வந்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “ஒழுங்கா வேலை செஞ்சா, அதப் பாக்கறதுக்குத் தனியா ஒருத்தி எதுக்கு?” என்றார் முதலாளி. மேசையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கினார்கள். பெண்கள் முணுமுணுத்தார்கள். அதோடு சரி.

ஒரு காலையில் மூத்தவள் ஒரு துளைக்குக் கிரீஸ் வைத்துவிட்டுப் பின்னுக்குக் கை நீட்டினாள். “இங்க வாம்மா, உன் மேசையில ஏன் வேலை இழுக்குது?” என்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். எழுந்து போனாள். நின்றாள், ஏச்சு வாங்கினாள். அதற்குள் இளையவள் கை நீட்டி அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டாள். துளைவாயில் கிரீஸ் மினுங்கியது. அமுக்கினாள், மூடினாள், தங்கள் மேசைக்குரிய மஞ்சள் பொட்டை வைத்துத் தள்ளிவிட்டாள். ஏச்சு வாங்கித் திரும்பிய மூத்தவள், பின் போட்டாயிற்று என்றே நினைத்து அடுத்த பெட்டியை எடுத்தாள்.

கொட்டகைக்குப் பின்னால் வண்டி ஓட்டிப் பார்க்கும் திடல். அந்த டிரைவர்கள் இந்தப் பெண்களை ‘டப்பாக்காரிங்க’ என்றுதான் சொல்வார்கள். அதில் மீசைக்காரர் வாய் பெரிது. “என் உசுர ஒரு டப்பாக்குள்ள போட்டு மூடிக் குடுத்திருக்காளுங்கப்பா” என்று டீக்கடையில் நின்று சத்தமாகச் சிரிப்பார். சில நாள் கழித்து, பாரம் ஏற்றிய வண்டியோடு அவர்தான் சரிவில் இறங்கினார். பாதியில் கியர் மாற்றினார். சக்கரங்கள் இறுகின. பின்னால் இருந்த பாரம் முட்டித் தள்ள, வண்டி குறுக்கே திரும்பிச் சரிவோரத்தில் கவிழ்ந்தது. இரும்பு மண்ணில் மோதிய சத்தம் கொட்டகைக்குள் கேட்டது. அதற்குப் பிறகு வந்தது ஒரு மனுஷனின் சத்தம்.

மறுநாள் இளையவளை மட்டும் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். பிரித்த பெட்டி மேசைமேல் கிடந்தது. மூடியில் மஞ்சள் பொட்டு. துளையில் கிரீஸ் இருந்தது. பின் இல்லை. மூத்தவள் எழுந்து போன அந்தக் காலை அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

“பின் போடறது உன் ஓர்ப்படிதானே?” என்றார் சூப்பர்வைசர். “விரல் வீங்கினதும் நீங்க வேலைய மாத்திக்கிட்டதும் எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?”

“தெரிஞ்சா ஏன் சார் விட்டீங்க?” கேள்வி அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

முதலாளி சிரித்தார். “வேலை நடந்துச்சு, விட்டோம். இங்க பாரும்மா, எனக்கு ஒரு பேர் போதும். அவதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. நீ உன் மேசையில இரு. சொல்லலேன்னா ரெண்டு பேரும் வெளிய. ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பும் அணைஞ்சா நல்லாவா இருக்கும்? நாளைக்குக் காலையில சொல்லு.”

சாயங்காலம் குழாயடியில் இளையவள் விஷயத்தைச் சொன்னாள். மூத்தவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

“சொல்லிடு.”

“என்னத்த?”

“எம் பேரத்தான். இந்த விரல வச்சுக்கிட்டு நான் இன்னும் எத்தனை நாள் ஓட்டப்போறேன்? நீயாவது நில்லு.”

“மூடினது யாருக்கா? நான்.”

“வச்சது நான்டி!”

“நீங்க எங்க வச்சீங்க? வைக்கலேன்னுதானே இந்தப் பேச்சே!”

தண்ணீருக்கு நின்றவர்கள், இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஆளப் போய்ப் பாக்கணும்” என்றாள். “பாக்காம எந்தப் பேரும் சொல்ல வேணாம்.”

ஆஸ்பத்திரியில் மீசைக்காரரின் கால் கட்டுப்போட்டு உயரத் தொங்கியது. அவர் மனைவி கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி மூன்று நான்கு டிரைவர்கள்.

“வாங்க வாங்க” என்றான் அதில் ஒரு இளவட்டம். “மிச்சம் ஒரு கால் இருக்கு, அதையும் எடுத்துட்டுப் போங்க.”

இளையவளுக்கு நாலு பேர் முன்னால் பேசி வழக்கமில்லை. கட்டிலின் கம்பியைப் பார்த்தே பேசினாள். கிரீஸைப் பற்றிச் சொன்னாள், விரலைப் பற்றிச் சொன்னாள், அந்தக் காலையைப் பற்றிச் சொன்னாள். “நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் விட்டோம்ணே. மன்னிப்புக் கேக்கற அளவு சின்னத் தப்பு இல்ல. அதான் என்ன கேக்கறதுன்னு தெரியல.”

மீசைக்காரரின் மனைவிதான் கேட்டாள்: “மனுஷக் கைதானேம்மா, விடத்தான் செய்யும். விட்டா பாக்கறதுக்கு அங்க ஒருத்தர் இல்லையா?”

“இருந்தாங்கக்கா. கண்ணாடிக்காரி. புது டப்பா வந்ததும் மேசையத் தூக்கிட்டாங்க.”

மீசைக்காரர் தலையைத் திருப்பினார். “புது டப்பா வந்ததுலேர்ந்தா? அப்போ இத்தன நாளா நாங்க ஏறின வண்டி எதையுமே யாரும் பாக்கலையா?”

இளவட்டத்தின் முகம் வெளிறியது. காலையில்தான் அவனும் அந்தச் சரிவில் இறங்கியிருந்தான்.

“உங்க மேல கோவம் போகலம்மா” என்றார் மீசைக்காரர், மூச்சு வாங்க. “போகவும் போகாது. கால் எனக்குத்தானே போச்சு? ஆனா உங்க ரெண்டு பேரையும் தொரத்திட்டா, அடுத்த வண்டியில பின் இருக்குமான்னு எனக்கு யார் சொல்லுவா?” பிறகு மற்றவர்களைப் பார்த்தார். “டேய், ஏறாதீங்கடா. அந்த மேசை திரும்பி வர்ற வரைக்கும் எவனும் ஏறாதீங்க.”

மறுநாள் விடிகாலை. பெண்கள் கொட்டகைக்கு வெளியிலேயே நின்றார்கள். இரவுக்குள் வீடு வீடாகச் செய்தி போயிருந்தது. கண்ணாடிக்காரியும் வந்திருந்தாள். முதலாளி படியில் வந்து நின்றார்.

“என்ன இது, கூட்டம்? பேர் என்னம்மா?”

இளையவள் ஓரடி முன்னே வந்தாள். மூத்தவளின் வீங்கிய கை அவள் முதுகில் வந்து பட்டது.

“கிரீஸ் வச்சது அவங்க. மூடினது நான். பாத்திருக்க வேண்டியவங்கள அனுப்பினது நீங்க. சொல்றதா இருந்தா மூணு பேரையும் சேர்த்துத்தான் சார் சொல்லணும்.”

“எதிர்த்துப் பேசக் கத்துக்குடுத்தது யாரு?”

“யாரும் கத்துக்குடுக்கல சார். கடைசி மேசை திரும்பி வரணும். அமுக்கறதுக்கு ஒரு கருவி வேணும், விரலால முடியல. அது வரைக்கும் நாங்க உள்ள வரல.”

“வண்டி வெளிய போகாட்டி உங்களுக்குத்தான் நஷ்டம்!”

“வண்டிய யாரு ஓட்டறது?” பின்னாலிருந்து குரல் வந்தது. இளவட்டம்தான். அவனும் மற்ற டிரைவர்களும் திடலிலிருந்து நடந்து வந்தார்கள். சாவிகளைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டு, பெண்களுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கூச்சத்தோடு தரையில் உட்கார்ந்தார்கள்.

முதலாளிக்கு முகம் கறுத்தது. “வெளிய ஆளுக்கா பஞ்சம்? ஒரு மணி நேரத்துல கொட்டகைய ரொப்பிக் காட்டறேன்” என்று உள்ளே போனார்.

சொன்னபடி செய்தார். வெயில் ஏறும் முன்பே ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. உள்ளே நெருக்கியடித்துப் பெண்கள். சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தரையில் இருந்தவர்களை மிரண்டு பார்த்தார்கள். யாரோ ஒருவன் கல் எடுப்பது போல் குனிந்தான். “கீழ போடு” என்றாள் மூத்தவள். “அவங்களும் வயித்துக்கு வந்தவங்கதான்.”

இளையவள் எழுந்தாள். வேன் ஜன்னலுக்குப் பக்கத்தில் போனாள். கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தெரியாதவள், ஓரத்தில் இருந்த ஒரே ஒருத்தியைப் பார்த்துப் பேசினாள். துளை இவ்வளவு, பின் இவ்வளவு என்று விரலில் காட்டினாள். அது விட்டுப்போனால் என்ன ஆகும் என்று சொன்னாள். மீசைக்காரரின் காலைச் சொன்னாள். “நாளைக்கு உங்க கையும் விடும்மா. அப்போ உங்க பேரக் கேப்பாங்க.”

ஜன்னலோரத்துப் பெண் சாப்பாட்டுப் பையை இன்னும் இறுக்கிக்கொண்டு அவள் விரலையே பார்த்தாள். வீட்டில் அடுப்பு எரியாத முகம் அது, இளையவளுக்குத் தெரிந்த முகம். சூப்பர்வைசர் வேனின் பக்கவாட்டில் தட்டி, “எறங்குங்க, எறங்குங்க, நேரமாச்சு” என்று கத்தினார்.

அந்தப் பெண் இறங்கினாள். வாசல் திறந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், தரையில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்” என்றாள். “எனக்கும் எடம் வேணும்ல?”