லேபிள் ஒட்டிய இரண்டு வருடம்

ஹதீருக்கு வாரத்தில் இரண்டு நாள் பள்ளி, நான்கு நாள் தொழிற்சாலை. மின் பிரிவு, மூன்றாம் ஆண்டு. கல்லூரிக்கு வழிவிடும் பொதுப்பள்ளியில் சேர நாலு மதிப்பெண் குறைந்துபோய் வீடே எழவு விழுந்ததுபோல் உட்கார்ந்திருந்த நேரத்தில், இந்தத் திட்டத்தைப் பற்றிச் சொன்னவர் தொழிற்பள்ளி ஆசிரியர் மிஸ்டர் ஃபத்ஹி. படிக்கும்போதே மோட்டாருக்குக் கம்பி சுற்றப் பழகலாம், சுவிட்சுப் பலகை கட்டலாம், டிப்ளமாவோடு வெளியே வரலாம் என்றார். அதை நம்பித்தான் அவள் தலை நிமிர்ந்தாள்.

பில்பெய்ஸிலிருந்து மைக்ரோபஸ் பிடித்து ஆஷிர் தொழில்நகரத்துக்குப் போனால், மின்விசிறி செய்யும் தொழிற்சாலை. முதல் நாளே அவளையும் கூடப் படிக்கும் இஸ்ராவையும் பெட்டி கட்டும் இடத்தில் நிறுத்தினார்கள். அட்டைப்பெட்டியில் லேபிள் ஒட்ட வேண்டும். புதிதாய் வந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். இரண்டு வருடம் முடிந்தும் லேபிள்தான்.

"மோட்டார் பக்கம் கூட்டமா இருக்கும்மா. அடுத்த மாசம் மாத்திவிடறேன்," என்பார் அங்கே பயிற்சிக்குப் பொறுப்பான எஞ்சினியர் ராமி. அந்த அடுத்த மாதம் வரவேயில்லை.

வியாழக்கிழமைதோறும் பயிற்சிக் குறிப்பேடு நிரப்ப வேண்டும். 'மோட்டார் சுற்றுதல்: பழகினேன்' என்று ஒருத்தி எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். ராமி கையெழுத்துப் போடுவார். ஹதீரும் அப்படித்தான் எழுதிவந்தாள், அந்தப் பிப்ரவரி வரை.

பிப்ரவரியில் எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. "என் பொண்ணு கரண்டுதானே படிக்கிறா, அவளே பாத்துடுவா," என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். வாளியோடு நாலைந்து பெண்கள் சுற்றி நின்றார்கள். ஹதீர் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒயர்கள். ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி எத்தனை நேரம் குந்தியிருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "ஒரு பார்ட் வாங்கணும்," என்று பொய் சொல்லி எழுந்தாள்.

மறுநாள் தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து பத்து நிமிடத்தில் ஓட விட்டார். "கெப்பாசிட்டர்தான் போயிருக்கு. டிப்ளமாப் பொண்ணுன்னாங்க, இதைக்கூடவா காட்டித் தரல?" என்று சிரித்தார். அம்மா உள்ளே போய் அவரைத் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். ஹதீருக்கு அம்மா தன்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அந்த வியாழக்கிழமை குறிப்பேட்டில் இப்படி எழுதினாள்: 'பெட்டிகளில் லேபிள் ஒட்டினேன். இரண்டு வருடத்துக்கும் மேலாக அதைத்தான் செய்கிறேன். மோட்டாரைத் தொட்டதில்லை.'

ராமி படித்துவிட்டுப் பேனாவை மூடினார். "இதுல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

"உண்மைதானே, எஞ்சினியர்?"

"உண்மைதான். இதுக்கு டிப்ளமா தரமாட்டாங்களே. நல்ல பொண்ணா வேற பக்கத்துல எழுதிக் கொண்டா."

அவள் எழுதவில்லை. குறிப்பேட்டை மிஸ்டர் ஃபத்ஹியிடம் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா?"

"தெரிஞ்சுமா மிஸ்டர், மாசாமாசம் தொழிற்சாலைக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போனீங்க?"

கேட்டபிறகுதான் எவ்வளவு துடுக்காகக் கேட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் கோபப்படவில்லை.

"பதினோரு தொழிற்சாலை, நூத்தி நாப்பது பசங்க, நான் ஒருத்தன். நான் சண்டை போட்டா தொழிற்சாலைக்காரன் ஒப்பந்தத்தைக் கிழிச்சுடுவான். அப்புறம் உங்க முப்பத்திரண்டு பேரையும் எங்க கொண்டுபோய் நிறுத்தறது? இதை மேல அனுப்பணுமா, திரும்ப வாங்கிக்கிறியான்னு யோசிச்சுட்டுச் சொல்லு."

ஹதீர் இரண்டு நாள் யோசித்தாள். குறிப்பேட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவர் அதை அப்படியே கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். ஏன் அனுப்பினார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அலுவலகம் விளக்கம் கேட்டுத் தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதியது. தொழிற்சாலை விளக்கம் தரவில்லை. மாணவிகளே வேண்டாம் என்று ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. மார்ச் நடுவில் முப்பத்திரண்டு பேரும் பள்ளிக்குத் திரும்பினார்கள். அதுவரை டிப்ளமா வாங்கித் தந்த குறிப்பேடு இனிச் செல்லாது. மே மாதச் செய்முறைத் தேர்வை, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால், எல்லாரையும்போல் எழுத வேண்டும்.

பள்ளி வாசலிலேயே இஸ்ரா மறித்தாள். "சந்தோஷமா? மே மாசம் டிப்ளமா, ஜூன்ல அங்கேயே வேலைன்னு வீட்ல சொல்லி வச்சிருந்தேன்."

"என்ன வேலைடி? லேபிளா?"

"லேபிள்தான். எனக்கு அது போதும்னு உன்கிட்ட வந்து அழுதேனா? உனக்கு வெக்கமா இருந்துச்சு, அதுக்கு எங்க எல்லாரையும் இழுத்துவிட்டுட்டே. ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. அது உண்மை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை என்பதும் ஹதீருக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பள்ளிப் பட்டறையில் ஓடுகிற மோட்டார் ஒன்றே ஒன்று, சுவிட்சுப் பலகை இரண்டு. மிஸ்டர் ஃபத்ஹி காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பிரித்தார். ஹதீர் இரண்டு கூட்டத்திலும் நின்றாள். யாரும் அவளோடு பேசவில்லை. அவரை மசியல் வைத்த ஃபூல் ரொட்டியைக்கூடத் தனியாகத்தான் தின்றாள். முதல் இரண்டு வாரம் அவள் பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடும், விரலை எடுத்தால் நின்றுவிடும். ஓட்டத்தைத் தாங்கிப்பிடிக்க இன்னொரு ஒயர் வேண்டும் என்று படத்தில் இருந்தது. எங்கே கொடுப்பதென்று பிடிபடவில்லை. ஒருநாள் பிடிபட்டது. விரலை எடுத்தாள், மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தாள். சொல்ல ஆளில்லை.

மறுநாள் இஸ்ராவின் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, "அந்த ஒயர் இங்க வரணும்," என்றாள்.

"கைய எடு," என்றாள் இஸ்ரா.

ஹதீர் எடுத்துவிட்டாள். அடுத்தடுத்த நாட்களில் மற்ற பெண்கள் சிலர் மெல்ல வந்து கேட்டார்கள். அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தாள். இஸ்ரா வரவில்லை.

ஜூன் கடைசியில் முடிவு ஒட்டினார்கள். பத்தொன்பது பேர் தேர்ச்சி, பதின்மூன்று பேருக்கு ஆகஸ்டில் மறுதேர்வு. ஹதீரின் பெயர் முதல் பட்டியலில் இருந்தது. இஸ்ராவின் பெயர் இரண்டாவதில்.

இஸ்ரா பட்டியலை இரண்டு தடவை படித்தாள். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாகத் தானே ஹதீரிடம் பேசினாள்.

"ஒண்ணுமே தெரியாம டிப்ளமா வாங்கியிருப்பேன். இப்ப பாதி தெரியுது, டிப்ளமா இல்ல."

"ஆகஸ்டுக்குள்ள மீதியும் வந்துடும். நான் தினம் வரேன்டி."

"நீ வரணும்னு நான் சொல்லல." சுவரில் சாய்ந்து நின்றாள். "மிஸ்டர்கிட்ட பட்டறைச் சாவி கேட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து."

வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வீட்டுப் பக்கம் போகும் மைக்ரோபஸ் வந்தது. இஸ்ரா முன்வரிசையில் ஏறிக்கொண்டாள். பின்னால் இடம் இருந்தும் ஹதீர் ஏறவில்லை. அடுத்த வண்டி வரட்டும், ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெயிலில் நின்றாள்.