மூலைக் கட்டத்தில் ஒருத்தி

“போன்ல தினம் பாத்துக்கலாம், விடு” என்று அவன் கைகளாலேயே சொன்னதும், “போன்ல நீங்க நல்லா இருக்கற மாதிரி நடிப்பீங்க” என்று அவளும் கையாலேயே திருப்பிக் கொடுத்ததும், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் சிரித்ததும்... “நீ மட்டும் என்னவாம்? அதான் நகராட்சிக் கூட்டத்துல பாத்துக்கறேன். நேரலைல மூலைக் கட்டத்துல நிப்பியே, அங்கே நடிக்க நேரம் இருக்காது.” “அதுல நான் சொல்றதெல்லாம் தலைவர் பேச்சுங்க.” “பேச்சு யாருதா இருந்தா என்ன, கை உன்னோடதுதானே.” இப்படிச் சொல்கிறவனை எந்தப் பெண்ணாவது வேலை தேடி வேற்றூருக்கு அனுப்புவாளா, அவள் அனுப்பினாள், பேருந்து திரும்பும்வரை நின்றாள், கேட்க நினைத்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை... இதோ இப்போதும் நிற்கிறாள், மன்றத்தின் ஓரத்தில், கறுப்புச் சட்டையும் முதுகுக்குப் பின்னால் நீலத் திரையுமாக. தலைவர் வரவு செலவு வாசிக்க வாசிக்க, காது கேளாதவர்களுக்காக அவள் விரல்கள் அவர் வாயைத் துரத்திக்கொண்டு ஓடுகின்றன. அவர் ‘நான்’ என்றால் அவளும் தன் நெஞ்சைத் தொட்டு ‘நான்’ என்று காட்ட வேண்டும், சைகை மொழிபெயர்ப்பின் தர்மம் அது. போன வருஷம் அந்தத் தர்மம்தான் அவள் குடியைக் கெடுத்தது. “சிக்கனம் கருதி மரவேலைக் கூடத்தை நான் மூடுகிறேன்” என்று அவர் வாசித்தார், நெஞ்சைத் தொட்டு அவளும் மூடினாள், காது கேளாதவர்கள் மட்டுமே வேலை பார்த்த கூடம், அவள் புருஷன் இழைப்புளி பிடித்த கூடம், இந்தக் கவுன்சிலர்கள் சாய்ந்து தூங்கும் நாற்காலிகளின் பிறந்த வீடு. அன்று சாயந்திரம் அவன் கோபித்திருந்தாலாவது ஆறியிருக்கும். “நல்லாத்தான் மூடினே” என்றான், பாவி.

“தலைவரே, கூடத்தை மூடி மிச்சம் புடிச்ச காசு எங்கே போச்சு?” எழுந்து நிற்பது கணக்கு டீச்சர், ஓய்வு பெற்று கவுன்சிலரானவர், எல்லாரும் அவரை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். “நுழைவு வளைவு கட்டியிருக்கோமேம்மா, கண்ணுக்குத் தெரியலையா?” “உங்க படம் நல்லாத் தெரியுது. ஊர் பேரைத்தான் தேட வேண்டியிருக்கு.” சபை சிரிக்கிறது, சிரிப்பையும் தோளைக் குலுக்கிக் காட்ட வேண்டும், காட்டுகிறாள், அங்கே அந்த ஒற்றை அறையில் அவனும் சிரித்திருப்பானோ, சாப்பிட்டிருப்பானோ, இன்றைக்கு அவனுக்கு வார விடுமுறைதானே, பார்த்துக்கொண்டுதானே இருப்பான்... டீச்சர் விடவில்லை, வளைவுக்கு வண்ண விளக்குப் போட ஒதுக்கியதை வெட்டிக் கூடத்தைத் திறக்கச் சொல்கிறார், அய்யோ, ‘திறக்க’ என்ற சொல்லை இத்தனை பெரிதாகவா காட்டுவது, கூடம் திறந்தால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன் என்றல்லவா சொல்லியிருக்கிறான். சிலர் கை தூக்குகிறார்கள். கைகளைப் படிப்பதுதானே அவள் பிழைப்பு, எது மனசாரத் தூக்கிய கை, எது தலைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாதியில் தொங்கும் கை என்று அவளுக்குத் தெரியாதா? “நல்ல யோசனை” என்கிறார் தலைவர், “நிதிக்குழு பார்க்கட்டும். அடுத்த வருஷம் பரிசீலிப்போம்.” மேசைகள் தட்டப்படுகின்றன. “போன வருஷம் மூடும்போதும் இதையேதான் சொன்னீங்க!” என்ற டீச்சரின் குரல் அதில் அமுங்கிப்போகிறது, அவள் அதையும் காட்டிவிட்டாள், அமுங்கிப்போன குரல் கையில் அமுங்காது.

தேநீர் இடைவேளை. நாற்காலிகள் காலியாகின்றன. கேமராக்காரரும் போய்விட்டார், கேமராவில் நேரலையின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது, அணைக்க மறந்துவிட்டாரா... அடுத்த வருஷமாம். “பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிடச் சொல்றியா?” என்று அவன் முந்திக்கொண்டு கேட்டதிலிருந்து அவளும் வாயைத் திறக்கவில்லை, கூடம் திறக்கட்டும், அப்புறம் தானாக வருவான், தன் மானமும் போகாது அவன் மானமும் போகாது என்று இருந்துவிட்டாள். கூடத்தைத் தள்ளிப்போட்டது இந்த மனுஷர், சரி, கணக்கு கேட்க அவருக்கு ஒரு டீச்சர் இருக்கிறார், ஆனால் அவளைத் தள்ளிப்போட்டது யார்? அதற்கு எந்தக் குழு, எந்தத் தீர்மானம்? அவன் பார்க்கிறானா, போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருப்பானா, ஊரிலுள்ள காது கேளாதவர்கள் அத்தனை பேரும் பார்ப்பார்களே, வேலை போய்விடுமே... கைகள் எழுந்துவிட்டன, கூடவே இந்த மன்றம் இதுவரை கேட்டிராத அவள் குரலும், வாசலில் டம்ளரோடு நின்ற டீச்சர் திரும்பிப் பார்க்க,

“கூடம் தெறக்க வேணாங்க. வேலையும் வேணாம். சும்மாவே வீட்டுக்கு வந்துடுங்க.”