பத்துப் பேர் இருந்தால்தான் கார்ல்ஸ்பி

அக்டோபர் முதல் வாரம் ஊராட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மக்கள்தொகைக் கணக்கின்படி கார்ல்ஸ்பியில் ஆறு பேர்தான் வசிக்கிறார்களாம். பத்துக்குக் கீழே போனால் தெருவிளக்கு மூன்றும் கிடையாது, பனி தள்ளும் வண்டியும் வராது. செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு அலுவலர் நேரில் வருவார். ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் பொதுக்கூடத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

ஊர்க் குழுவின் செயலாளர் நான். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் பதினான்கு வருடமாக நானேதான். நாங்கள் சரியாகப் பத்துப் பேர். நானும் என் கணவர் கார்டனும், டால் குடும்பம் நாலு பேர், ஆக ஆறு. மற்ற நாலு பேர் கணக்கில் விட்டுப்போயிருக்கிறார்கள்.

முதலில் கிழவர் வீபி வீட்டுக்குப் போனேன். கணக்கெடுப்புப் படிவத்தை அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

"பத்தவைக்கத் தாள் இல்லம்மா. செவ்வாய்க்கிழமை காப்பி உண்டா?"

"உண்டு."

"அப்ப வர்றேன்."

அடுத்தது நெஸ்டர், ஓரெஸ்ட். அண்ணன் தம்பி, ஒரே வீடு. அப்பாவின் நிலத்தை விற்றதில் சண்டை வந்து ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. சமையலறையில் ஆளுக்கொரு கெட்டில்.

"படிவத்த ஏன் நிரப்பல?" என்று கேட்டேன்.

"அவன் நிரப்பியிருப்பான்னு நெனச்சேன்னு சொல்லு மிர்னா," என்றார் நெஸ்டர்.

மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஓரெஸ்ட், "மூத்தவன் அவன்தானே, அவன் பாத்துப்பான்னு விட்டுட்டேன்னு சொல்லு," என்றார்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? நான் எதுக்கு நடுவுல? செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் கூடத்துக்கு வந்து சேருங்க."

"அவன் வண்டியில நான் வரமாட்டேன்," என்றார் ஓரெஸ்ட்.

"நடந்து வாங்க. கூடம் இருநூறு அடியில இருக்கு."

இவர்களோடு போயிருந்தால் பரவாயில்லை. பத்தாவது ஆள் லெனோரா. தோட்டத்தில் கேரட் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"படிவத்துல மகன் வீட்டு விலாசம் எழுதினேன்," என்றாள். "நான் இங்க தற்காலிகமாத்தானே இருக்கேன்."

தங்கைக்கு உடம்பு முடியவில்லை என்று பார்த்துக்கொள்ள வந்தவள். தங்கை அந்தக் குளிர்காலத்திலேயே போய்விட்டாள். இவள் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

"இருபத்துமூணு வருஷம் தற்காலிகமா?"

"பனி உருகினதும் வீட்ட வித்துட்டு ரெஜைனா டவுனுக்கே திரும்பிப் போயிடுவேன். உனக்குத் தெரியாததா?"

"எந்த வருஷத்துப் பனி, லெனோரா? போன மாசம் கூரைக்குப் புதுத் தகடு போட்டியே."

"ஒழுகுற வீட்ட யாரு வாங்குவா? இதோ பாரு, பொய்க் கையெழுத்தெல்லாம் நான் போடமாட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "போகணும்னா உன் தங்கச்சி செத்த மாசமே போயிருக்கணும். போகல. அப்புறம் எதுக்கு இந்த நடிப்பு?" என்று சொல்லிவிட்டேன்.

அவள் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போனாள். வீடு திரும்பும் வரை அவளையும் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன்.

"போய் மன்னிப்புக் கேளு," என்றார் கார்டன்.

"செவ்வாய்க்கிழமை முடியட்டும்."

செவ்வாய்க்கிழமை சகோதரர்கள் அந்த இருநூறு அடிக்கு ஆளுக்கொரு வண்டியில் வந்தார்கள். வீபி இரண்டு துண்டு கேக் தின்றார். ஒன்பது கையெழுத்து ஆயிற்று. கோரின் என்ற பெண் அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாவது முறையாக அவளுக்குக் காப்பி ஊற்றினேன். அவள் பதிவேட்டை மூடப்போன நேரத்தில் லெனோரா சேற்று பூட்ஸோடு உள்ளே வந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

லெனோராவின் பெயரையும் விலாசத்தையும் கோரின் எழுதிக்கொண்டாள். "எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?"

"இருபத்துமூணு வருஷம்."

சொன்னவள் பேனாவைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். வீபிகூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"தங்கச்சி படுக்கையில கெடந்தது நாலே மாசந்தான்," என்று கோரினிடம் மெதுவாகச் சொன்னாள். கோரினுக்கு ஒன்றும் புரியவில்லை; தலையை மட்டும் ஆட்டினாள். லெனோரா குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"நீ சொன்னது சரிதான். சொன்ன விதந்தான் கேவலம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விளக்குகள் இருக்கும், பனி வண்டியும் வரும் என்று கோரின் சொல்லிவிட்டாள். இனி ஒரு வாரம் யார் முகத்திலும் விழிப்பதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. லெனோரா.

"மிர்னா, கார் கொட்டகையில பதினோரு பெட்டி கெடக்கு. ரெஜைனாவுல இருந்த என் வீட்டக் காலி பண்ணினப்ப மகன் கொண்டுவந்து போட்டது. இன்னும் பிரிக்கல. வா."

எனக்கு ஆயிரம் வேலை. ஆனாலும் போனேன். முதல் மூன்று பெட்டியிலும் திரைச்சீலைகள். ஒன்றுகூட அந்த வீட்டுச் சன்னலுக்குப் பொருந்தவில்லை. எல்லாமே ஒரு முழம் நீளம். அவளோ ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வெட்டித் தைக்கலாம்ல?"

"தைக்கலாம். கத்தரிக்கோல் எங்க?"

எந்தப் பெட்டியில் என்று அவளுக்குத் தெரியவில்லை. மத்தியானம் வரை தேடினோம்.