துரையின் தொட்டியில் பாசி

அந்தப் பாசியைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். பச்சை என்று சொன்னால் பச்சைக்கு அவமானம். பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல், கழுவாமல் போட்ட செம்புக் குடத்தின் களிம்பு நிறத்தில், மணலின் மேல் போர்வையாகப் படர்ந்து கிடக்கும். விரலால் தூக்கினால் பாலாடை போல முழுசாக உரிந்து வரும். அடியில் குமிழி குமிழியாகக் காற்று. தொட்ட விரலில் கொழகொழவென்று ஒட்டிக்கொள்ளும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நாற்றம் போகாது. இந்த அசிங்கம் கொல்லையில் இருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் முன் அறையில், விருந்தாளிகள் உட்காரும் நாற்காலிகளுக்கு நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் ராசா மாதிரி குடியிருந்தது.

தொட்டி எங்களுடையது அல்ல. என் புருஷன் இராஜசிங்கம் ஈப்போவில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளார்க். அவருடைய துரை லீவில் சீமைக்குப் போகும்போது, இரும்புச் சட்டம் போட்ட அந்தக் கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த தங்கமீன்களையும் இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். மற்ற கிளார்க்குமாருக்கு வயிறு எரிந்ததாம். ஊர் ஓரத்தில், சிலிபினில், எங்கள் வீட்டு வாசலில் மாட்டு வண்டி வந்து நின்று, நாலு ஆட்கள் தொட்டியை இறக்கியபோது இவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். சாமி புறப்பாட்டுக்கு முன்னால் போகிற தர்மகர்த்தா தோற்றுப்போவார்.

அந்த வாரம்தான் நான் கர்ப்பமாக இருப்பதை இவரிடம் சொன்னேன். அதற்கு முன் இரண்டு தடவை வந்தது தங்காமல் போய்விட்டது. இரண்டாவது தடவை நான் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே விரும்பவில்லை. அதனால் இந்த முறை சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது. இவர் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அவ்வளவுதானா என்று எனக்கு மனசுக்குள் சுருக்கென்றது.

மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். தின்பது உடம்பில் நிற்க வேண்டும், தாய் வற்றிப் போனால் பிள்ளை நிற்காது என்றாள். எனக்கும் தின்ன ஆசைதான். ஆனால் தொட்டிக்குள் பாசி வந்தது. பாசியோடு நாற்றம் வந்தது. நாற்றம் முன் அறையிலிருந்து அடுப்படி வரைக்கும் வந்து, நான் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து மூக்கில் ஏறியது. சாப்பிட்டது அத்தனையும் வெளியே வந்தது. புட்டு, கஞ்சி, தேநீர், ஒன்றும் மிச்சமில்லை. மசக்கை எப்போதோ அடங்கியிருக்க வேண்டிய மாதத்திலும் நான் கொல்லைப்புறத்துச் சாக்கடை ஓரத்தில்தான் குந்திக் கொண்டிருந்தேன். கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

வேலைக்கு வரும் முத்தம்மா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். லேசில் முகம் சுளிக்கமாட்டாள். அவளே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தோட்டத்துல புளிச்சுப் போன பால் வாளிகூட இப்பிடி நாறாதுலா, அம்மா. இதைத் தூக்கிக் கடாசச் சொல்லுங்க."

நான் சொல்லாமலா இருந்தேன். இவர் கேட்டால்தானே. துரையின் தொட்டி, துரையின் மீன் என்று ஆரம்பித்துவிடுவார். சரி, பாசியையாவது ஒழிப்போம் என்று பார்த்தோம். முத்தம்மா தேங்காய் நார் போட்டுக் கண்ணாடியைத் தேய்த்தாள். மணலை அள்ளி வெந்நீரில் அலசி வெயிலில் காய வைத்தாள். தண்ணீரை முழுசாக மாற்றினாள். அடுத்த சில நாளில் ஒரு மூலையில் பொட்டு அளவுக்கு நிறம் தெரியும். அதற்கடுத்த வாரம் மணல் மறுபடி மூடிப்போகும். வெளிச்சம் பட்டுத்தான் வளர்கிறது என்று இவர் தொட்டியைக் கறுப்புத் துணியால் சுற்றினார். பாசி வெளுத்துச் சுருண்டது. அப்பாடா என்று இரண்டு வேளை சாப்பிட்டேன். துணியை எடுத்த பிறகு, சீர் வாங்கிக்கொண்டு தாய் வீட்டிலிருந்து திரும்பிய மருமகள் மாதிரி, முன்னைவிடச் செழிப்பாக வந்து உட்கார்ந்துகொண்டது.

முத்தம்மாதான் மீனுக்குச் சோற்றுப் பருக்கை போடுகிறாள் என்று இவருக்குச் சந்தேகம். இனி அவள் தொட்டிப் பக்கமே போகக் கூடாது, மீனுக்குத் தீனி நான்தான் போடுவேன் என்று உத்தரவு போட்டார். விடிந்தும் விடியாமலும் எழுந்து குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, முதல் வேலையாகத் தொட்டி முன்னால் போய் நிற்பார். நான் கொல்லையில் ஓங்கரித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும். ஆனாலும் அங்கிருந்து நகரமாட்டார். ஒரு நாள் ஒரு மீன் வயிறு மேலே தெரிய மிதந்தது. அன்றைக்கு இவர் சாப்பிடவுமில்லை, கந்தோருக்குப் போகவுமில்லை. பெண்டாட்டி எலும்பும் தோலுமாகப் போனது கண்ணில் படவில்லை, துரையின் மீன் செத்ததற்குத் துக்கம் காக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரோடு ஏன் கடல் தாண்டி வந்தேன் என்றுகூட நினைத்தேன்.

இன்னொரு எரிச்சலும் சேர்ந்துகொண்டது. துவைக்கப் போடும் இவருடைய கோட்டுப் பையில் எப்போதும் பொரித்தூள். நான் ஒரு வாய்க் கஞ்சிக்குத் தவிக்கிறேன், இவர் சின்னப் பிள்ளை மாதிரி வழியெல்லாம் பொரி கொறித்துக்கொண்டு போகிறார். கேட்டதற்கு, பசி எடுத்தால் என்ன செய்வதாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்தாம் மாதம் முடியும் சமயம். முத்தம்மா உறவுக்காரர் சாவுக்கென்று தோட்டத்துக்குப் போயிருந்தாள். காலையில் குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்துவிட்டது. கண் இருட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயிற்றுக்குள் லேசாக ஒரு அசைவு. அதற்கு முன் இரண்டு தடவையும் நான் அறியாத அசைவு. அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். துரையாவது மண்ணாவது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, வாளியை வைத்துக்கொண்டு தொட்டிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டேன்.

பாசியைச் சுருட்டிச் சுருட்டி எடுத்தேன். வழுவழுவென்று விரலிடுக்கில் நழுவியது. அடியில் மணல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. இன்னும் கிளறினேன். வெள்ளையாக, கொழுத்து, வளைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக என்னவோ கொத்துக் கொத்தாக வந்தது. புழு! வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினேன். வெளியே வருவதற்குக்கூட வயிற்றில் ஒன்றும் இல்லை, கசப்பு நீர்தான் வந்தது.

கொஞ்சம் தெளிந்த பிறகு திரும்பி வந்து பார்த்தேன். அவை நெளியவில்லை. ஒன்றை நசுக்கினேன். மாவாகப் போனது. ஊறிப் புளித்த பொரி.

கோட்டுப் பை நினைவுக்கு வந்தது. வாளியைத் தள்ளி வைத்துவிட்டு, கை கழுவாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தார். தரையெல்லாம் பாசி, நடுவில் நான். உள்ளங்கையை நீட்டினேன்.

"இஞ்சாருங்கோ, இதென்ன?"

இவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கட ஊர்க் கோயில் கேணியில, பிள்ளை தங்காட்டி மீனுக்குப் பொரி போடுறது வழக்கம். நீர் எனக்குச் சொன்ன அண்டைக்கே நேர்த்தி வைச்சனான். பிள்ளை கையில வருமட்டும் ஒவ்வொரு விடியவும் ஒரு பிடி. இஞ்ச கேணிக்கு நான் எங்க போறது, அன்னம்?"

கந்தோரில் நாலு பேர் முன்னால் நேர்த்தி, கண்ணூறு கழிப்பு எல்லாம் படிக்காத சனத்தின் வேலை என்று பேசுகிற மனிதர். அதனால் என்னிடமும் மறைத்திருக்கிறார். நான் கண்டுவிடக் கூடாதென்று, முத்தம்மா மேல் பழி போட்டு அவளைத் தொட்டிப் பக்கம் வரவிடாமல் செய்துவிட்டு, மீன் தின்னாமல் மிதந்த பொரியை ஒரு குச்சியால் மணலுக்குள் தள்ளிப் புதைத்திருக்கிறார், விடியல் தவறாமல். மீன் செத்த அன்றைக்கு எதற்காகப் பட்டினி கிடந்தார் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"நீங்கள் போட்ட பொரி அழுகித்தான் இந்தப் பாசி. இந்தப் பாசியாலதான் எனக்குச் சத்தி, தின்னுறதெல்லாம் வெளியில வருது. பிள்ளை தங்க வேணுமெண்டு பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறியள்."

இவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்குள் கையை விட்டார். பாசியையும் பொரியையும் வாரி வாரி வாளியில் போட்டார். நடுவில் இரண்டு தடவை ஓங்கரித்து, தோளில் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். வாளி வாளியாகச் சுமந்து சாக்கடையில் கொட்டினார். புது மணல், புதுத் தண்ணீர். கோட்டின் கை இரண்டும் களிம்பு நிறமாகிவிட்டது.

எல்லாம் முடிந்து, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார். மறுநாளைக்கு வாங்கிய பொரிப் பொட்டலம் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"அதைத் தாங்கோ" என்றேன்.

"இது மீனுக்கு நேர்ந்தது, அன்னம்."

"ஆருக்காக நேர்ந்தது? மீனுக்கு நாலு பருக்கை போதும். மிச்சத்தை இஞ்ச போடுங்கோ."

பொட்டலத்தைப் பிரித்து, கொஞ்சம் யோசித்து, நாலு பருக்கையைத் தனியே எடுத்து வைத்தார். பிறகு என் கையில் தர மனமில்லாமல், அது பாசிக் கையாயிற்றே, என் வாயில் போட்டார். காய்ந்த பொரி. ருசி இல்லை, மணம் இல்லை, எண்ணெய் இல்லை. மென்று விழுங்கினேன். வரும் வரும் என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வாசலில் ஒரு ரிக்ஷா வந்து, நின்று, போயிற்று. தொட்டியில் மீன்கள் புதுத் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தன.

ஒன்றும் வரவில்லை.

"இன்னொரு பிடி" என்றேன். இவர் அவசரமாகப் பொரியை அள்ளினார். பாதி என் மடியில் கொட்டிற்று. அதையும் பொறுக்கி ஊட்டினார்.