நடுவில் இரண்டு நாள்

நேராகப் போகிற விமானத்தைவிட, நடுவில் ஓர் ஊரில் இரண்டு நாள் தங்கிப் போகிற விமானம் மலிவு என்று நான் சொன்ன அன்று, என் புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டாலேயே என்னை அடித்தான். எவர்சில்வர் தட்டு. விளிம்பு புருவத்துக்கு மேல் பிடித்துக் கிழித்துவிட்டது.

"உங்கிட்ட எவன்டி யோசனை கேட்டான்?" என்றான்.

பக்கத்து அறையில் அத்தை டிவி சத்தத்தைக் கூட்டினாள். அவள் மகன் கையைத் தூக்கினால் அவள் கை ரிமோட்டுக்குப் போகும். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அது தெரியும். எங்கள் வீட்டு டிவி அலறினால் அவரவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். நான் துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டு தரையில் சிந்தியதை வழித்தேன். வேறு தட்டில் சாப்பாடு போட்டுக் கொடுத்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றான். கை கழுவும்போது கேட்டான்.

"எவ்ளோ மலிவு?"

அடித்தான் என்றாலே என் பேச்சு அவன் காதில் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஏறாத பேச்சுக்கு அவன் கையைத் தூக்குவதில்லை, "போடி" என்பதோடு சரி. எனவே ரத்தம் வழிந்தாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

என் புருஷன் கிரேன் ஓட்டுகிறவன். வெளிநாட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் அங்கே நான் தங்குவது அவன் பெயரில்தான். அவன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு அங்கே நிற்க இடமில்லை. இங்கேயும் அதே கதைதான். முதல் தடவை ஓடியபோது அண்ணன் வீட்டுக்குப் போனேன். தேடி வந்த என் புருஷனுக்கு அண்ணன் டீ போட்டுக் கொடுத்து, என்னை அவன் வண்டியிலேயே ஏற்றிவிட்டான். "குடும்பம்னா நாலும் இருக்கும்மா" என்று வழியனுப்பினான். அந்த நாலும் எனக்கு மட்டும் ஏன் இருக்கவேண்டும் என்று அண்ணன் சொல்லவில்லை. இரண்டாவது தடவை வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்தேன். என் புருஷன் நேராக வேலை இடத்துக்கே வந்துவிட்டான்.

நான் வேலை செய்தது பெரிய சலவைக் கூடம். ஆஸ்பத்திரிப் போர்வை, விடுதி மெத்தை விரிப்பு எல்லாம் அங்கே வந்து குவியும். ஈரத்துணியைச் சூடான உருளைக்குள் விட்டால் மறுபக்கம் மொடமொடவென்று வரும். அவன் எல்லோர் முன்னாலும் என் முழங்கையைப் பிடித்து அந்த உருளையின் மேல் வைத்தான். தோல் வெந்த வாசனை எனக்கே வந்தது. மேற்பார்வையாளர் ஓடி வந்து இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "வீட்டுப் பிரச்சனைய வெளிய வெச்சுக்கங்க, விரிப்பெல்லாம் கறையாகுது" என்றார். அன்றைக்கே என் பாஸ்போர்ட்டை அவன் எடுத்துத் தன் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு வீட்டில் நான் அதைத் தொடவே இல்லை.

அந்தக் கூடத்தில் என்னோடு வேலை செய்தவள் ஓட்டவாய் அக்கா. எதையும் வயிற்றில் வைத்திருக்க மாட்டாள் என்று பெயர். அவள்தான் அந்த நடு ஊருக்குப் போய் ஒரு விடுதிச் சலவையில் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் வேலை இடைவேளையில் போனில் சொன்னாள்.

"இங்க ஒரு வீடு இருக்குடி. அடி தாங்காம ஓடி வர்ற பொம்பளைங்கள உள்ள விடுவாங்க. ஊர் பேர் கேக்க மாட்டாங்க, ஆனா பாஸ்போர்ட் கையில இருக்கணும். அது இல்லாம வந்தா, வந்த வழியே திருப்பி அனுப்பிடுவாங்க."

"அதுதான் அவர் இடுப்புல இருக்கே அக்கா."

"விமான நிலையத்துக்குள்ளேயே உக்காந்திருந்தா இடுப்புலதான் இருக்கும். வெளிய வரணும்னா இமிகிரேஷன் கவுன்டர்ல ஒருத்தர் ஒருத்தராதான் நிக்கணும். அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில. அங்க கெளம்பறப்பவும் அப்படித்தான், ஆனா அங்க ஓடினா மறுபடியும் உங்க அண்ணன் வீடுதான். நீ முன்னாடி போ. முத்திரை குத்தினதும் ஓடி வந்துடு, நான் வாசல்லயே நிக்கறேன்."

அவளுக்கு ஓட்டவாய் என்று பேர் வைத்தவர்களை நான் செருப்பால் அடிக்கவேண்டும். கடைசிவரை ஒரு உயிரிடம் அவள் மூச்சு விடவில்லை.

ஆக, எனக்கு வேண்டியது அந்தக் கவுன்டரில் கிடைக்கிற ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்காக மலிவு டிக்கெட், மலிவு விடுதி, விமான நிலையத்திலிருந்து போகும் பஸ் என்று எல்லாவற்றையும் நானே தேடினேன். இல்லாவிட்டால் அவன் இரண்டு நாளுக்கு ஒப்புவானா?

டிக்கெட் ஏஜென்ட்டின் அலுவலகம் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஏஜென்ட் தலையில் முடி இல்லாததால் அந்த இடிகளின் தழும்பெல்லாம் தெரியும். விமான நிலையத்தைவிட்டு வெளியே போவதென்றால் குறுகிய கால விசா வேண்டும், போட்டோ, கைரேகை, தங்கும் இடத்துச் சீட்டு வேண்டும் என்று அடுக்கினார்.

"ரூம் எதுக்கு? படுக்கை மட்டும் போதுமே" என்றேன். மேஜைக்கு அடியில் என் புருஷன் என் தொடையைப் பிடித்து முறுக்கினான். நகம் இறங்கியது. நான் ஏஜென்ட்டைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தேன்.

"படுக்கை இன்னும் மலிவு சார்" என்றார் அவர். முறுக்கிய விரல்கள் தளர்ந்தன.

"பாஸ்போர்ட் ரெண்டையும் நானே காட்டிக்கறேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அது முடியாது சார். அவங்க மூஞ்சிய அவங்கதான் காட்டணும்."

என் புருஷன் என் மூஞ்சியைத் திரும்பிப் பார்த்தான். புருவத்துக் காயம் ஆறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து போட்டோ எடுக்கிற வரை அவன் என் முகத்தில் அடிக்கவில்லை. வயிறு, முதுகு, காலின் பின்பக்கம், அவ்வளவுதான். சர்க்காருக்குக் காட்டவேண்டிய பொருளாயிற்றே, பத்திரமாக வைத்திருந்தான்.

கைரேகை எடுக்கிற இடத்தில்தான் காரியம் கெட்டுப்போக இருந்தது. என் விரல்களைக் கண்ணாடியில் வைத்தால் இயந்திரம் சிவப்பாக விளக்கெரித்து மறுத்தது. ப்ளீச் தண்ணீரிலும் சூட்டிலும் ரேகையெல்லாம் தேய்ந்து போயிருந்தது. சலவைக்காரிகளுக்கு எல்லாம் இதுதான் கதி, முதலில் எனக்கே அது தோன்றவில்லை. அங்கிருந்த பெண், "கீழ மருந்துக்கடையில கிரீம் வாங்கித் தேச்சுட்டு வாங்க, சில சமயம் விழும்" என்றாள்.

படியில் இறங்கும்போது அவன் என்னைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினான்.

"வேணும்னே பண்றியா? போகக்கூடாதுன்னு பண்றியா?"

"இல்லைங்க. வேலையால தேஞ்சிருக்கு."

"தேஞ்சிருக்கா?" என்று என் இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்தான். பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். சுள்ளி ஒடிகிற சத்தம்தான். நான் கத்தவில்லை. கத்தினால் ஆள் வரும், ஆள் வந்தால் போலீஸ், போலீஸ் வந்தால் அண்ணன், அண்ணன் வந்தால் டீ. எனக்கு விசா வேண்டும். அவனைவிட எனக்குத்தான் அது வேண்டும் என்பது அந்த முட்டாளுக்குத் தெரியாது.

கிரீம் வாங்கினேன். ஒடிந்த விரலுக்கும் சேர்த்துத் தேய்த்தேன். மேலே போனபோது விரல் வீங்கி நிறம் மாறிக்கொண்டிருந்தது. அது தானாக நீளவில்லை என்பதால் வலது கையால் எடுத்துக் கண்ணாடி மேல் வைத்து, மேலிருந்து அழுத்தினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பச்சை விளக்கு எரிந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் அந்தப் பெண்.

"விழுந்துடுச்சு இல்ல?" என்று விளக்கைக் காட்டினேன். அவள் என் பின்னால் நின்றவனைப் பார்த்தாள், பிறகு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

விசா வந்தது. வந்த பிறகுதான் அவனுக்குப் புது ஞானம் பிறந்தது. "விமான நிலையத்துக்குள்ளேயே நாற்காலியில படுத்துக்கலாமாம். சும்மா இருக்கற நாற்காலிய விட்டுட்டு படுக்கைக்கு எதுக்குக் காசு?" என்றான். அத்தையும், "ஆமா, என்ன ஊர் சுத்தறதா?" என்று ஒத்து ஊதினாள். அவன் கஞ்சத்தனத்தை நம்பிக் கட்டிய வீடு அந்தக் கஞ்சத்தனத்தாலேயே சரியப் பார்த்தது.

"சரிங்க" என்றேன். "ஆனா விசாவுக்குக் கட்டின காசு தண்டம்தான். திருப்பித் தர மாட்டாங்க."

அவன் எழுந்து வந்து என் முடியைப் பிடித்துத் தலையைக் கதவு நிலையில் மோதினான். "அதை முதல்லயே சொல்றதுக்கு என்னடி?" டிவி அலறியது. தலை சுற்றி உட்கார்ந்தபோது நிம்மதியாக இருந்தது. வெளியே போகிறோம்.

அந்த ஊரில் இறங்கியதும் நீண்ட கூடம், வளைந்து வளைந்து வரிசை. ஒவ்வொரு கவுன்டருக்கும் முன்னால் தரையில் மஞ்சள் கோடு. நான் முன்னால் போகவேண்டும், அதுதான் ஏற்பாடு. கோட்டுக்கு வந்ததும், "நான் மொதல்ல போறேங்க, பயமா இருக்கு, நீங்க பின்னாடி இருந்தா தைரியமா இருக்கும்" என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வசனம். அவன் சிரித்தான். என் பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு, என்னைத் தோளில் இடித்துத் தள்ளி அவன் முன்னால் போனான். முத்திரை குத்திக்கொண்டு, கவுன்டரைத் தாண்டி, அந்தப் பக்கம் இரண்டடி தூரத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். நான் போனால் அந்தக் கையில்தான் வைக்கவேண்டும்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார், போகலாம் என்று கையசைத்தார். நான் போகவில்லை. அவனைக் காட்டி, என் முதுகைக் காட்டி, எனக்குத் தெரிந்த மொழியில் அடிப்பான் அடிப்பான் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் கையசைத்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"என்னடி அங்க கதை? வா" என்றான் அவன்.

"வரமாட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் நான் சொல்லாத வார்த்தை. அவன் முகம் வீட்டில் மாறுவதுபோல் மாறியது. எங்கே நிற்கிறோம் என்பது மறந்துவிட்டது. தடுப்பைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். வந்தவழியே திரும்பி வரக்கூடாத இடம் அது. எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. அவன் என் முடியைப் பிடித்துக் கவுன்டர் கண்ணாடியில் மோதினான். மூக்கு உடைந்து கண்ணாடியெல்லாம் ரத்தம். பாஸ்போர்ட்டைப் பிடுங்க என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஒடிந்து கோணலாகக் கூடிய விரலையும் பிரித்தான். நான் குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தேன். பல் எலும்பில் படும் வரை கடித்தேன். அவன் கத்தியது எனக்கு இனித்தது. கடித்ததையும் பாஸ்போர்ட்டையும் விடவில்லை.

காவலர்கள் அவன் மேல் வந்து விழுந்தார்கள். ஒருவர் கழுத்தில் முழங்காலை வைத்தார், ஒருவர் முதுகில் உட்கார்ந்தார். அவன் துள்ளியபோது தடியால் விலாவில் இரண்டு போட்டார்கள். முகம் தரையில் அழுந்தி, வாய் கோணி, அவன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு மட்டும்தான் புரிந்தது.

"தெரியாம கை வெச்சுட்டேன்னு சொல்லும்மா. நான் உன் புருஷன்னு சொல்லும்மா. மன்னிச்சுடச் சொல்லும்மா."

ம்மா என்கிறான். என்னை அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

காவலர்களில் ஒரு பெண் இருந்தாள். என் மூக்குக்குத் துணி கொடுத்துவிட்டு, அவன் வாயைச் சுட்டிக்காட்டி, என்ன சொல்கிறான் என்று கைகளை விரித்துக் கேட்டாள். நான் அவனைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்து, என் கையைக் கத்திபோல் நீட்டி, என் கழுத்தின் குறுக்கே மெதுவாக இழுத்துக் காட்டினேன். தினமும் அவன் சொல்வது அதுதான். அன்று மட்டும்தான் சொல்லவில்லை.

அவள் முகம் இறுகியது. குனிந்து அவன் கைகளைப் பின்னால் முறுக்கி விலங்கைப் பூட்டினாள். கன்னம் தரையில் கிடந்ததால் அவனுக்கு அவள் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டான்.

"சொல்லிட்டேங்க" என்றேன்.