சார்லி ஸ்பிட்டேரி தவறாமல் வந்தார்

ஜாரெட் கலேயாவுக்கு இருபத்தேழு வயது. அந்த வயதில் மற்றவர்கள் ஒரு வீட்டுக்கோ பெண்ணுக்கோ அலைவார்கள். இவன் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு அலைந்துகொண்டிருந்தான். அதுவும் சாதாரணத் தொகுதி அல்ல. மெல்பர்னுக்கு மேற்கே கேர்ன்லீ. கட்சியின் பெயரை ஒட்டி ஒரு குப்பைத் தொட்டியை நிறுத்தினாலும் ஜெயித்துவிடும். அங்கே பதினெட்டு வருடம் உறுப்பினராக இருந்த மோய்ரா கெடில் ஓய்வு பெறப்போவதாக அறிவித்திருந்தார். அறிவிக்க வைத்தவன் ஜாரெட்தான். அவருடைய அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே, "மோய்ராவுக்கு இப்பல்லாம் ஆளுங்க பேரே நிக்கமாட்டேங்குது, பாவம்" என்று ஆறு மாதம் ஊரெல்லாம் இரக்கப்பட்டான். கடைசியில் மோய்ராவே தன் நினைவாற்றலைச் சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த வித்தை அவனுக்குச் சின்ன வயதிலேயே கைவந்திருந்தது. பதினேழு வயதில், வாக்குச்சாவடி வாசலில், யாருக்கு எந்த வரிசையில் எண் போடுவது என்று அச்சடித்த தாள்களை வாக்காளர்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தான். மழை. எதிர்க்கட்சிக்காக நின்ற ஒரு வயதான அம்மாள் வழுக்கி விழுந்தார். ஜாரெட் ஓடிப்போய்த் தூக்கி, நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தான். அவருடைய தாள்கட்டை மட்டும் சேற்றிலேயே விட்டுவிட்டான். தெருவுக்கு அந்தப் பக்கம் காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த டெஸ் ப்ரௌஸ் கண்ணாடியை இறக்கி, "தம்பி, உன் பேர் என்ன?" என்று கேட்டார்.

டெஸ், கட்சிக்குள் இருந்த கோஷ்டிகளிலேயே பெரிய கோஷ்டிக்குத் தலைவர். எந்தப் பதவியிலும் இல்லை. அவரைக் கேட்காமல் எவனுக்கும் எந்தப் பதவியும் கிடையாது. பத்து வருடத்தில் ஜாரெட்டை மோய்ராவின் அலுவலகத்தில் சேர்த்ததும், "அடுத்தது நீதான்" என்று தோளைத் தட்டியதும் அவர்தான்.

வாக்களிக்கும் ஆட்களைச் சேர்த்து வைப்பதுதான் ஜாரெட்டின் வேலை. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கிளை உறுப்பினர்கள். ஆனால் வருடத்தில் மூன்று கூட்டத்துக்காவது வந்து வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் அந்த வாக்கு உண்டு. குளிர்காலத்து வியாழக்கிழமை சாயங்காலம், புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுலிங் கிளப்பின் பின்னறையில், மழைநீர் வடிகாலைப் பற்றிய விவாதத்தைக் கேட்க எந்த மனிதன் வருவான்? ஆகவே வராதவர்களுக்காக ஜாரெட் கையெழுத்துப் போட்டான். அதையும் டெஸ்தான் சொல்லிக் கொடுத்தார். மூன்று பேனா வைத்துக்கொள், ஒரே மையில் எல்லாப் பெயரையும் எழுதாதே என்றார். மொத்தம் பதினேழு பெயர்கள். கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளர் நார்ம், காது மந்தமான கிழவர், புத்தகத்தை இவன் பக்கம் தள்ளிவிட்டு நாற்காலி மடக்கப் போவார். அவர் நாலு நாற்காலி மடக்குவதற்குள் பதினேழும் முடிந்துவிடும்.

கேர்ன்லீக்கு அவனைவிடப் பொருத்தமான ஒருத்தி இருந்தாள். பெத்தனி, அதே அலுவலகத்தில் பக்கத்து மேஜை. மோய்ராவே அவளைத்தான் மனதில் வைத்திருந்தார். காதலன் விட்டுப்போன அன்று பெத்தனி குடித்துவிட்டு, ஜாரெட்டின் போனில் நாலு நிமிடம் அழுது, மோய்ராவையும் கட்சியையும் வாய்க்கு வந்தபடி திட்டி ஒரு குரல்பதிவு விட்டிருந்தாள். நண்பன் என்று நம்பி விட்டது. அதை அவன் பதினோரு மாதம் பத்திரமாக வைத்திருந்து, நல்ல நேரம் பார்த்து ஒரு நிருபருக்கு அனுப்பினான். வேலை போய் அவள் பெட்டியைக் கட்டிய அன்று பாஷன்ஃப்ரூட் கேக் வாங்கி வந்து, "இதப் பண்ணது யாருன்னு நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன், பெத்" என்றான். அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அவனுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

அதன் பிறகு தலைக்கனம் வராமல் இருக்குமா? இளைஞர் அணிக்காரர்கள் ஐந்து பேரோடு பீர் குடிக்கும்போது, "டெஸ் இன்னும் ஃபேக்ஸ் மெஷின் காலத்துலயே இருக்கார். நான் உள்ள போனதும் அவருக்கு ஒரு நல்ல ஓய்வு விழா நடத்திடலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கட்சியில் ஐந்து பேருக்குத் தெரிந்தால் ஆறாவது ஆள் டெஸ் என்பதை அவன் மறந்துபோனான்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் சார்லி ஸ்பிட்டேரி செத்துப்போனார். மால்டாக்காரர், கட்சியின் பழைய உறுப்பினர், ஜாரெட்டின் பதினேழு பெயரில் ஒருவர். அந்த வீட்டு ஓட்டு எப்போதும் தானாகவே தபாலில் வந்துவிடும் என்பதால் ஜாரெட் அங்கே எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் மால்டா ஓட்டுகள் கேர்ன்லீயில் அதிகம். தானும் மால்டாக்காரப் பையன் என்பதை ஊருக்கு நினைவூட்ட இதைவிட நல்ல சாவு கிடைக்குமா? கிளைக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் என்று ஏற்பாடு செய்து, விதவை கர்மனாவைக் கார் அனுப்பி வரவழைத்தான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சார்லியைப் பற்றி என்ன பேசுவது என்று வருகைப் புத்தகத்தைப் புரட்டினான். பக்கத்துக்குப் பக்கம் அவர் பெயர். மறுநாள் எழுந்து நின்று, "சார்லி பேசினதவிட வந்ததுதான் அதிகம். மழையோ குளிரோ, ஒரு கூட்டம்கூட அவர் தவறவிட்டதில்ல. அந்தக் கடைசி வரிசை நாற்காலி இனிமே காலிதான்" என்றான். குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. பதினாலு பேரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். கர்மனா தலையைக் குனிந்துகொண்டார். ஒருவன் படம் எடுத்தான்.

கூட்டம் முடிந்தது. நார்ம் புத்தகத்தைத் தள்ளிவிட்டு நாற்காலி மடக்கப் போனார். ஜாரெட் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்தபடியே மூன்று பேனாக்களை எடுத்தான். பழகின கை. பதினேழு பெயரையும் போட்டது. ஒன்பதாவது, சி. ஸ்பிட்டேரி.

புத்தகத்தின் இடது பக்கத்தில் சார்லிக்கு இரங்கல் தெரிவித்து ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கப்பட்டதாகக் கூட்டக் குறிப்பு. வலது பக்கத்தில் சார்லி வந்திருந்ததாகக் கையெழுத்து. ஆகஸ்டில், வேட்பாளர் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் பத்திரிகையில் வந்தது. தலைப்பு, 'தனக்குத் தானே அஞ்சலி'. ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. கையெழுத்துப் போட்டவன் யார் என்று கட்சி விசாரணை அறிவித்தது.

ஜாரெட் டெஸ்ஸை போனில் பிடித்தான்.

"பதறாதடா" என்றார் டெஸ். "அந்தம்மா அன்னிக்குக் கூட்டத்துல இருந்தாங்கல்ல? துக்கத்துல புருஷன் பேரையும் நானே எழுதிட்டேன்னு ஒரு வாக்குமூலம் கொடுத்துட்டா முடிஞ்சது. எந்த நிருபன் ஒரு விதவையக் குறுக்குக் கேள்வி கேப்பான்?"

"நீங்க ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொன்னீங்கன்னா..."

"நான் போனா கட்சி மிரட்டுதும்பாங்க. நீ அவங்க ஊருப் பையன். நீயே எழுதி எடுத்துட்டுப் போ. தொகுதி வேணுமா, வேணாமா?"

வேண்டும். அதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் எப்போதும் வேண்டியிருந்ததில்லை. அன்று மதியமே வாக்குமூலத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனான்.

கர்மனாவுக்கு எழுபத்தெட்டு வயது. சமையலறையில் உட்கார வைத்து, பட்டாணி வைத்துச் சுட்ட பஸ்தீஸி இரண்டைத் தட்டில் வைத்தார். அவன் தாளை நீட்டினான். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி அவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு நான் எழுதினேன்னு போட்டிருக்கு."

"ஆமா ஆன்ட்டி. துக்கத்துல யாருக்கும் வரதுதானே. உங்கள யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"சரி, அன்னிக்கு நான் எழுதினேன். மத்த நாளெல்லாம் யார் எழுதினா?"

"மத்த நாளா?"

"சார்லிக்குப் பக்கவாதம் வந்து அஞ்சு வருஷம் ஆச்சுப்பா. அந்த ரூமுலதான் படுத்திருந்தார். மூணு மணிக்கொருதரம் நான்தான் புரட்டிப் போடணும். அன்னிக்கு நீ எழுந்து நின்னு, ஒரு கூட்டம்கூட தவறினதில்லன்ன. வேற எந்த சார்லியச் சொல்றான்னு முழிச்சேன். அப்புறம் நினைச்சேன், சின்னப் பையன், மரியாதைக்குச் சொல்றான்னு. அழகாத்தான் பேசின. அழுதேன்."

அஞ்சலிக்குப் புரட்டின அந்தப் பக்கங்களில் இருந்தது அத்தனையும் அவன் கைதான். தான் போட்ட பொய்யைத் தானே வாசித்து, நம்பி, அதை நாலு பேர் முன்னால் செத்தவரின் பெருமையாகப் பேசியிருக்கிறான். இந்த லட்சணத்தில் ஊரிலேயே கெட்டிக்காரன் என்று பெயர்.

"நீ பேசினத கண்ணாடி போட்டு மாட்டி வெக்கலாம்னு நார்ம்கிட்ட அந்தப் பக்கத்தக் கேட்டேன்" என்றார் கர்மனா. "அவர் ரெண்டு பக்கத்தையும் சேர்த்து நகல் எடுத்துக் கொடுத்துட்டார். சாப்பிடு, ஆறிடும்."

"யார்கிட்ட காட்டினீங்க அத?"

"டெஸ்கிட்ட. அவனும் சார்லியும் ஒண்ணா கசாப்பு ஆலைல வேலை பார்த்தவங்க. எங்கிட்ட இருக்கட்டும்னு வாங்கிட்டுப் போனான். ரெண்டு மாசம் சத்தமே இல்ல. இன்னிக்குக் காலைல போன் பண்ணான். பையன் ஒரு தாளோட வருவான், கையெழுத்துப் போடாதீங்க, தாளையும் திருப்பிக் கொடுக்காதீங்கன்னான்."

சொல்லிக்கொண்டே தாளை நாலாக மடித்தார். ஜாரெட் எழுந்தான். பழைய கையெழுத்துகளுக்காவது ஏதாவது சாக்குச் சொல்லலாம். விதவையைப் பொய்ச்சாட்சி சொல்லச் சொல்லித் தன் கைப்பட எழுதிய தாளுக்கு எந்தச் சாக்கும் இல்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"கொடுத்துடுங்க ஆன்ட்டி. டெஸ் உங்களுக்கு நல்லது பண்றாருன்னு நினைக்கிறீங்களா?"

"இல்லியே. அவனுக்கு நீ வேணாம். எனக்கும் நீ வேணாம். அவ்வளவுதான்." அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நல்லாப் பிடி. இந்த வயசுல தொட்டாலே கன்னிப்போயிடும். சாயங்காலம் என் பொண்ணு வருவா, காட்டுறேன்."

பிடி தானாக விட்டுப்போனது. தோலில் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தாள் எந்தப் பக்கத்துப் பாக்கெட்டில் போகிறது என்றுதான் பார்த்தான்.

காரில் உட்கார்ந்து டெஸ்ஸைக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தார்.

"தாள் அவங்ககிட்டதானே இருக்கு?"

"ஏன் டெஸ்? பத்து வருஷம் நீங்க சொன்னத எல்லாம் செஞ்சேன். கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே. அதச் சொல்லிடுவேன் நான்."

"சொல்லேன். யார் நம்புவா? மோய்ராகிட்ட சொல்லு, பெத்தனிகிட்ட சொல்லு. அந்தக் குரல்பதிவு யார் அனுப்பினதுன்னு அவளுக்கு இன்னிக்கு மத்தியானம் தெரிஞ்சுபோச்சு." டெஸ் எதையோ மென்று விழுங்கினார். "ஆறு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க. அதுக்குள்ள ராஜினாமாக் கடிதம் எனக்கு வேணும். உன் சார்புல நானே அடிச்சு வெச்சிருக்கேன்."

ஜாரெட் அழ ஆரம்பித்தான். தழுதழுக்கும் குரலை எந்த இடத்தில் எப்படி வைப்பது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இப்போது வந்தது அப்படிப்பட்டதல்ல, மூக்கு ஒழுக, விக்கி விக்கி வந்தது.

"சரி சரி, வண்டி ஓட்டாத இந்த நிலைமைல" என்றார் டெஸ். "இவ்வளவு தூரம் வரணும்னுகூட இல்ல. கையெழுத்த நானே போட்டுடறேன்."