திங்கட்கிழமை பத்து மணி

மேஜைக்கு இந்தப் பக்கம் பிரபா, அந்தப் பக்கம் வனஜா. நோயாளியின் முதுகில் வெதுவெதுப்பான எண்ணெயை விட்டு, இருவரும் ஒரே சமயத்தில் தோளிலிருந்து இடுப்புவரை உருவிவிட வேண்டும். ஒருத்தி நின்றால் மற்றவளும் நிற்க வேண்டும். பொம்மனஹள்ளியில் அந்த ஆயுர்வேத நிலையத்தில் இதுதான் வேலை. இன்று பிரபாவின் கை அடிக்கடி நின்றது.

"சும்மா கவலப்படாத. அப்பா போன் பண்ணுவாரு," என்றாள் வனஜா மெதுவாக.

பிரபாவின் அப்பா உத்தமன், தான் வேலை பார்க்கும் கார்மெண்ட்ஸுக்கு லீவு போட்டுவிட்டு காலையிலிருந்து கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தார். பிரபா சேர்ந்திருந்த ஆயுர்வேத டாக்டர் படிப்பில் முதல் வருடத்தை நான்கு தடவைக்குள் தாண்டாவிட்டால் கல்லூரியை விட்டுப் போக வேண்டும். பிரபாவுக்கு மிச்சமிருந்தது சமஸ்கிருதம் மட்டும்தான். பள்ளியில் அவள் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான்காவது தடவை கொஞ்ச மார்க்கில் போயிற்று. ஆனால் முதல் தடவை அவள் பரீட்சை எழுதவே இல்லை. டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதையும் ஒரு தடவை எழுதியதாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அதை எதிர்த்துத்தான் வழக்கு. வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடியும் சமஸ்கிருதப் பரீட்சை. இன்று வெள்ளிக்கிழமை. எழுத அனுமதி இன்று கிடைத்தால்தான் உண்டு.

எண்ணெய் அடுப்புக்கு மேலே, யாருக்கு எந்த நேரத்தில் வேலை என்று எழுதும் தாள் ஒட்டியிருந்தது. பிரபாவின் பெயருக்கு நேரே திங்கட்கிழமை பத்து மணிக் கட்டத்தை வனஜா எந்த நோயாளிக்கும் கொடுக்காமல் காலியாகக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

உத்தமன் போன் செய்யவில்லை. சாயங்காலம் நேரே வந்துவிட்டார். சட்டைப்பையில் பரீட்சைக்கென்று வாங்கிய இரண்டு புதுப் பேனாக்கள்.

"நம்ம நம்பர் வர்றதுக்குள்ள கோர்ட் முடிஞ்சிருச்சும்மா. திங்கக்கிழம பரீட்சன்னு வக்கீல் எழுந்து சொன்னாரு."

"ஜட்ஜ் என்னப்பா சொன்னாரு?"

"செவ்வாக்கிழம பாக்கலாம்னாரு."

"பரீட்ச முடிஞ்சப்புறம் என்னத்தப் பாப்பாங்கண்ணா?" என்று வனஜா கத்தினாள். பிரபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையெல்லாம் எண்ணெய், கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

மானேஜர் ரகுராம் போனோடு உள்ளே வந்தார். "திங்கக்கிழம காலைல பத்து மணிக்கு ஒரு முதுகுவலி பேஷண்ட் வர்றாங்களாம். யாரு ஃப்ரீ?"

வனஜா வாயைத் திறப்பதற்குள், "நான் இருக்கேன் சார்," என்றாள் பிரபா.

ரகுராம் தாளருகே போய்ச் சட்டைப்பையைத் தடவினார். எழுத ஒன்றும் இல்லை. உத்தமன் தன் பையிலிருந்த புதுப் பேனாவில் ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார்.